பானெட்டின் நடுவே நான்கு அங்குலம்

இங்கிலாந்தில் கோடைக்காலம் பிறந்துவிட்டால், பல சிற்றூர்களில் பழைய மோட்டார் கார்களின் கண்காட்சிகள் தொடங்கிவிடும். ஊர்ப் பொதுத்திடலிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ நாற்பது ஐம்பது கார்கள் வரிசையாக நிற்கும். பெரிய ஏற்பாடு எதுவும் இராது. சில ஊர்களில் நடுவர்கள் வந்து பார்த்து மதிப்பெண் இடுவார்கள். சில ஊர்களில் பார்க்க வந்தவர்களே வாக்களிப்பார்கள். பரிசு பெரும்பாலும் ஒரு சிறு கோப்பைதான். ஆனால் அதற்காகக் காரின் உரிமையாளர் படும் பாடு இருக்கிறதே, தேரோட்டத்திற்கு முன் நம் ஊரார் தேரைப் பழுது பார்க்கும் பாட்டுக்கு அது சற்றும் குறைந்ததன்று.

காரைக் கழுவி மெருகேற்றுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லைதான். ஆனால் ஸ்பானரும் கையுமாகக் காருக்கு அடியில் படுத்தவனுக்கு, அந்தக் காரைச் செய்த நாட்டின் வரலாறே தெரியத் தொடங்கும். எந்தத் திருகு எங்கே இருக்கிறது, எந்த விளக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்பவற்றுக்கெல்லாம் காரணங்கள் உண்டு. அவற்றை அறியாமல் துலக்கினால், துருவோடு சேர்த்து வரலாற்றையும் துடைத்துவிடக் கூடும். ஒரு காரை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். இக்கண்காட்சிகளில் அடிக்கடி தென்படும் மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோமே!

மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். துருக்கியின் ஸ்மிர்னா நகரில் 1906-ல் பிறந்து, இளமையில் இங்கிலாந்துக்கு வந்தவர். பின்னாளில் 'மினி' காரை உருவாக்கியவரும் இவரே. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலியில் இருந்த மோரிஸ் தொழிற்சாலையில் இவர் இந்தச் சிறு காரைத் திட்டமிடத் தொடங்கினார். அப்போது அதற்கு இட்டிருந்த மறைபெயர் 'மஸ்கிட்டோ', அதாவது கொசு. 1947-ன் இறுதியில் மாதிரிக் கார் ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஆயினும் இஸிகோனிஸுக்கு அதன் தோற்றம் பிடிக்கவில்லை. கார் ஒடுங்கி இருப்பதாகப் பட்டது. என்ன செய்தார் தெரியுமா? காரை முன்னிருந்து பின்வரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியதும், "இதுதான் சரி" என்று தோன்றிவிட்டது!

ஆனால் அதற்குள் பல பாகங்களுக்கு அச்சுகள் தயாராகிவிட்டன; பம்பர்கள் செய்தே முடிந்துவிட்டன. ஆகவே பானெட்டின் நடுவே நான்கு அங்குல அகலத்தில் ஒரு தட்டைப் பட்டையைச் சேர்த்தார்கள். தொடக்க கால மைனர்களில் பம்பரை நடுவில் வெட்டி, இடைவெளியில் ஒரு துண்டைப் பொருத்தினார்கள். இன்றும் எந்த மைனரின் முன்னால் நின்று பார்த்தாலும் பானெட்டின் நடுவே ஓடும் அந்தப் பட்டையைக் காணலாம். அழகுக்காக வைத்ததென்றே பலரும் எண்ணுவார்கள்.

1948 அக்டோபர் 27 அன்று லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில், போருக்குப் பிந்தைய முதல் பிரிட்டிஷ் மோட்டார் கண்காட்சி திறக்கப்பட்டது. மைனர் மக்கள் முன் வந்தது அங்கேதான். நிறுவனத்தின் அதிபர் நஃபீல்டு பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவே இல்லை. ஓடின்றி வெந்நீரில் வேகவைத்த முட்டையைப் போலிருக்கிறதென்று அவர் ஏளனம் செய்ததாகச் சொல்வார்கள். அந்த முட்டைதான் 1960 டிசம்பரில் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் ஆயிற்று. 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது, ஏறத்தாழ பதினாறு லட்சம் மைனர்கள் வெளிவந்திருந்தன.

சரி, இப்போது வேலையைத் தொடங்குவோம். முதலில் எடுக்க வேண்டியது மெருகுத் துணியையன்று, தாளையும் பென்சிலையும்தான். காரின் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1950-களின் மைனர்கள் பலவற்றில், அந்த எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகளே காரின் உடல் வகையையும் நிறத்தையும் சொல்லிவிடும். கேடன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் காக்கப்பட்டு வருகின்றன. எண்ணை எழுதி அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், கார் எந்த நாளில் உருவாயிற்று, எந்த நிறத்தில் வெளிவந்தது என்று சான்றிதழ் தருவார்கள். விற்பனைக்கென உருவான முதல் மைனரே அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஏட்டில் ஒரு நிறமும் காரில் வேறு நிறமும் இருந்தால், நடுவில் யாரோ நிறத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கதவு ஓரத்தையும் கம்பளத்தின் அடியையும் பார்த்தால் பழைய நிறம் ஒளிந்திருக்கும்.

அடுத்தது துரு. இங்கேதான் கண்காட்சிக்காரர்கள் பலர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

பழங்கால மோட்டார் கார்களுக்கு அடியில் கனமான எஃகுச் சட்டம் ஒன்று தனியாக இருந்தது. அதன்மேல் உடலைத் தூக்கி வைத்தார்கள். உடல் துருப்பிடித்தாலும் சட்டம் தாங்கும். மைனர் அப்படியன்று. அதன் தரைத் தகடும், பக்கத்துப் பெட்டி விட்டங்களும், குறுக்கு விட்டமும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. எடை குறையும், விலை குறையும், கார் விறைப்பாக நிற்கும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பெட்டி விட்டங்கள் மூடியவை. உள்ளே பெயிண்ட் சரியாகச் சேராது. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க இங்கிலாந்தில் உப்பைத் தூவுவார்கள். உப்புக் கரைசல் சக்கரத்தால் வாரி அடிக்கப்பட்டு, சிறு துளைகள் வழியே உள்ளே போய்த் தங்கிவிடும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும் என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் துரு தோன்றினால், ஆப்பு அடித்தது போல் அவற்றைப் பிரித்துவிடும். ஈரம் இன்னும் உள்ளே போகும். துரு மேலும் வளரும்.

வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. பின்புற வில்தட்டுகள் மாட்டியிருக்கும் இடம், முன் கதவுக்கு அடியில் ஓடும் விட்டம், மட்கார்டின் பின்கீழ் மூலை ஆகிய இவையே மைனரின் நோய்த்தானங்கள். துளை விழுந்த இடத்தில் பட்டி அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் நடுவர் கண்ணுக்குத் தப்பிவிடலாம். பாரத்திற்குத் தப்ப முடியுமா? பட்டி ஒரு பாரத்தையும் தாங்காது. 2018 மே மாதம் முதல் பிரிட்டனில் நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட கார்கள் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை என்று விதி தளர்த்தப்பட்டது. அதனால் அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் உரிமையாளர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. கெட்ட தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகட்டைப் பற்றவைப்பதே முறை. ஒரு வேடிக்கை பாருங்கள்: 1953-ல் வந்த 'டிராவலர்' என்னும் மைனர் வகையில் பின்பாதி உடலின் சட்டம் ஆஷ் என்னும் மரத்தால் ஆனது. அது அலங்கார மரமன்று; உடலைத் தாங்கும் உறுப்பு. ஆகவே அந்தக் காருக்குத் துருவோடு மக்கலையும் பார்க்க வேண்டும். தச்சன் கண்ணும் வேண்டும்.

துருவைக் கழித்துப் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினால் புதிய தலைவலி ஒன்று பிறக்கும். கையிலிருக்கும் ஸ்பானர் எதற்கும் பொருந்தாது! இதன் கதை சுவையானது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1841-ல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் திருகுகளின் மரைக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். மரையின் கோணம் 55 பாகை. பிரிட்டனும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளும் அதையே பின்பற்றின. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் வேறோர் ஒழுங்கைக் கொணர்ந்தார். அதில் கோணம் 60 பாகை. ஐந்து பாகைதானே வேறுபாடு என்று தோன்றும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒருவருக்கொருவர் தளவாடம் செய்து கொடுத்தபோது, அந்த ஐந்து பாகை பெருந்தொல்லை ஆயிற்று. ஒரு நாட்டின் நட்டு மற்றொரு நாட்டின் போல்ட்டில் ஏறவில்லை. போர் முடிந்த பின் பேசித் தீர்த்தார்கள். 1948 நவம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 60 பாகைக் கோணத்தில் பொது மரை ஒன்றை ஏற்றுக்கொண்டன. மைனர் மக்கள் முன் வந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை! ஆகவே பழைய மரையில் பிறந்த கார், 1950-களில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிய மரைக்கு மாறியது.

மோரிஸ் குடும்பத்தில் இதைவிட விசித்திரம் ஒன்றும் உண்டு. 1923-ல் மோரிஸ் வாங்கிய காவன்ட்ரி எஞ்சின் தொழிற்சாலை, அதற்கு முன் ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்துடையது. அங்கிருந்த எந்திரங்கள் மீட்டர் முறை மரையையே வெட்டின. அவற்றை மாற்றப் பணம் வேண்டும். பிரிட்டிஷ் மெக்கானிக்கிடமோ விட்வொர்த் ஸ்பானர்தான் உண்டு. இரண்டுக்கும் வழி கண்டார்கள்: போல்ட்டின் மரை பிரெஞ்சு, தலை ஆங்கிலம்! அங்கு உருவாகி எம்.ஜி. விளையாட்டுக் கார்களுக்குப் போன எஞ்சின்களில் 1955 வரை இந்தக் கலப்பு மணம் நீடித்தது. இதையறியாமல், தலை பொருந்துகிறதே என்று வேறு போல்ட்டை அழுத்தித் திருகினால் மரை அரைபட்டுப் போகும். எந்தத் துளையில் எந்தப் போல்ட் இருக்கிறதென்று பார்த்தே, அந்தக் காரில் முன்பு கைவைத்தவர் விஷயம் தெரிந்தவரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

எஞ்சினுக்கு வருவோம். முதல் மைனர்களில் இருந்தது போருக்கு முந்தைய 'மோரிஸ் எய்ட்' காரின் 918 கன சென்டிமீட்டர் எஞ்சின். அதன் சிலிண்டரின் விட்டம் 57 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமோ 90 மில்லிமீட்டர். புகைபோக்கிபோல் இப்படி ஒல்லியாக ஏன் செய்தார்கள்? வரிக்குப் பயந்துதான். பிரிட்டனில் 1921 முதல் கார் வரி 'குதிரைத் திறன்' கணக்கில் வசூலிக்கப்பட்டது. அந்தத் திறனை அளந்து பார்ப்பதில்லை. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5 ஆல் வகுப்பார்கள். நீங்களே போட்டுப் பாருங்கள். 57 மில்லிமீட்டர் என்பது 2.244 அங்குலம், வர்க்கம் 5.04, நான்கால் பெருக்க 20.1, வகுத்தால் 8. 'எய்ட்' என்ற பெயரின் பொருளே இதுதான்! உண்மையில் மைனரில் அந்த எஞ்சின் தந்த திறன் 27-க்கும் மேல். சூத்திரத்தில் விட்டத்துக்குத்தான் வரி. பிஸ்டன் போகும் தூரத்துக்கு வரியில்லை. எனவே எஞ்சின்கள் ஒல்லியாகி உயர்ந்தன. 1948 முதல் புதிய கார்களுக்கெல்லாம் ஒரே வரி என்று ஆனபோது, ஒல்லி எஞ்சினுக்குக் காரணமே போய்விட்டது. 1952-ல் மோரிஸும் ஆஸ்டினும் இணைந்தபின், மைனருக்கு ஆஸ்டினின் 803 கன சென்டிமீட்டர் ஏ-வரிசை எஞ்சின் கிடைத்தது. 1956-ல் அது 948 ஆகவும், 1962-ல் 1098 ஆகவும் வளர்ந்தது.

இன்று அந்த எஞ்சினைத் தயார் செய்பவர் பெட்ரோலையும் நினைக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடியபோது, வால்வு வந்து அமரும் இடத்தில் ஈயக் கூட்டுப்பொருளின் மெல்லிய படலம் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 1999 இறுதியோடு பிரிட்டனில் அதன் பொது விற்பனை நின்றது. ஆகவே எஞ்சின் தலையைக் கழற்றும்போது வால்வு இருக்கைகளில் கடின எஃகு வளையங்களைப் பதித்துவிடுவது நலம். 2021 முதல் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். குழாய்களையும் மாற்றிவிட வேண்டியதுதான். இந்த இரண்டு மாற்றங்களும் 'அசல்' அல்ல என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடாத காரைவிட ஓடும் கார் மேலென்பது என் கட்சி.

ஆனால் வெளித்தோற்றத்தில் விஷயம் அவ்வளவு எளிதன்று. தொடக்க கால மைனரின் முகப்பு விளக்குகள் தாழ்வாக, கிரில்லின் இரு பக்கமும் இருந்தன. போரில் கடனாளியான பிரிட்டன் ஏற்றுமதி செய்தே பிழைக்க வேண்டிய நிலையில் இருந்தது. அரசு, காரை ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்கே எஃகை ஒதுக்கியது. அமெரிக்கச் சட்டமோ விளக்குகள் இன்னும் உயரத்தில் இருக்க வேண்டும் என்றது. ஆகவே அமெரிக்காவுக்குச் சென்ற கார்களில் முதலிலும், 1951 வாக்கில் எல்லாக் கார்களிலும், விளக்குகள் மட்கார்டின் மேலே ஏறின. இஸிகோனிஸுக்கு அது பிடிக்கவில்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், டாலர் வேண்டுமே!

இப்போது 1949-ல் பிறந்த கார் ஒன்று உங்களிடம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ மோதி, பிந்தைய மட்கார்டுகளைப் பழைய உரிமையாளர் மாட்டிவிட்டார். விளக்குகள் மேலே இருக்கின்றன. கண்காட்சிக்காக அவற்றைக் கழற்றித் தாழ்விளக்கு மட்கார்டுகளைத் தேடிப் பிடித்து மாட்டலாமா? நடுவர் மகிழ்வார். ஆனால் பல்லாண்டுகள் அந்தக் கார் ஓடியது உயர்விளக்குகளோடுதானே? தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்த நாள் மட்டுமே வரலாறு, பிறகு வாழ்ந்த வாழ்வு வரலாறு அல்ல என்று சொல்ல முடியுமா? இந்த வாதம் பழங்கார் அன்பர்களிடையே இன்னும் தீரவில்லை. மாற்றுவதானால் படம் எடுத்து, குறிப்பேட்டில் எழுதி, கழற்றியதைப் பத்திரப்படுத்திய பின்பே மாற்ற வேண்டும் என்ற அளவில் நான் நிற்கிறேன்.

முலாமிலும் பெயிண்டிலும் இதே சிக்கல் வரும். பம்பரில் பளபளப்பது குரோமியம். ஆனால் துருவைத் தடுப்பது அதன் அடியிலுள்ள நிக்கல். குரோமியப் படலம் மிக மிக மெல்லியது. நுண்ணிய வெடிப்புகளும் உடையது. கொரியப் போர்க் காலத்தில் நிக்கல் தளவாடங்களுக்குப் போய்விட, 1951 வாக்கில் மைனரின் கிரில்லில் குரோமியத்தை விட்டுவிட்டு உடலின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்தார்கள். அந்த ஆண்டுகளின் காருக்கு, அழகாக இருக்கட்டும் என்று குரோமியம் பூசினால், போர்க்காலப் பஞ்சத்தின் சாட்சியை அழித்தவர் ஆவீர்கள். பெயிண்டின் கதையும் அப்படியே. அந்நாளைய பெயிண்டின் மேல் இன்றைய கார்களைப்போல் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு கிடையாது. மெருகுக் கூழைத் தேய்த்தால் துணியில் காரின் நிறமே ஏறும். பெயிண்டின் மொத்தக் கனமே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கண்காட்சிக்குக் கண்காட்சி தேய்த்தால், ஓரங்களில் ஒரு நாள் தகடு பல்லிளிக்கும். மென்மையாகக் கழுவி, மெழுகு பூசி விடுவதே போதும். மங்கலாக இருந்தாலென்ன? அது 1955-ல் கௌலியில் அடித்த பெயிண்டாக இருந்தால், அதை மறுபடி யாராலும் அடிக்க முடியாது.

மின்சார வேலையில் ஓர் எச்சரிக்கை. மைனரில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களுக்கு நேர்மாறு. இதை மறந்து புது வானொலிப் பெட்டியை மாட்டினால் புகைதான் வரும். இன்னொன்று, முன்சக்கரத்தைத் தாங்கும் திருகு மூட்டு. அதற்கு ஒழுங்காகக் கிரீஸ் ஏற்றாவிட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் வெளியே மடங்கிவிடும். எந்த நடுவரும் இதைக் குனிந்து பார்ப்பதில்லை. கண்காட்சி வேலைகள் அனைத்திலும் இதைவிட முக்கியமானது வேறொன்றில்லை.

உதிரிகளுக்கு எங்கே போவது? இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. மைனர் இந்தியாவில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் சில காலம் வந்தது. அதன் பெரிய உறவான மோரிஸ் ஆக்ஸ்போர்டு, அம்பாசிடராக 2014 வரை உற்பத்தியில் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். இலங்கையிலோ மைனர்கள் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருந்தன. இறக்குமதி அருமையான நாட்டில், பாகத்தைக் கையால் செய்துகொள்ளும் திறமை வளர்ந்திருந்தது. 1990-களில் அங்கே மைனரின் தகடுகளையும் உதிரிகளையும் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பத் தொடங்கினார்கள். கௌலியில் பிறந்த காரின் உடலில் இலங்கைத் தகடு!

கண்காட்சி நாளன்று காலையில் செய்ய வேண்டியது அதிகமில்லை. பனி ஈரத்தைத் துடைத்து, டயர்க் காற்றைப் பார்த்து, நிதானமாக ஓட்டிச் செல்ல வேண்டும். திடலில் நிறுத்தியதும் எஞ்சினுக்கு அடியில் பழைய தட்டு ஒன்றை வைத்துவிடுவார்கள். ஏ-வரிசை எஞ்சினில் சுழல்தண்டின் பின்முனைக்கு ரப்பர் அடைப்பு கிடையாது. தண்டில் வெட்டிய சுருள் பள்ளம் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. தண்டு சுழலும்வரை அது வேலை செய்யும். எஞ்சினை நிறுத்தியதும் சொட்டத் தொடங்கும். ஊர்த்திடலின் புல்லைப் பாழாக்கக் கூடாதல்லவா?